பீரோ போதவில்லை என்று எழுதிய குழித்துறை வாசகிக்கு

கேள்வி: எனக்கு 44 வயது. குழித்துறைக்குப் பக்கத்தில் வீடு. கணவர் ஷார்ஜாவில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மகள் திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மகன் பத்தாம் வகுப்பு. 80 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டில் மூன்று இரும்பு பீரோ, ஒரு மர அலமாரி, மாமியின் டிரங்குப் பெட்டி, பரண் நிறைய கல்ஃப் பெட்டிகள். ஆனாலும் துணி வைக்க இடமில்லை. வீடியோ பார்த்து எல்லாவற்றையும் சின்னதாக மடித்து நிறுத்தி வைத்தேன். பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் பூஞ்சை நாற்றம், பட்டுச்சேலையில் வெள்ளைப் புள்ளி. போன வருஷம் மாமியின் பழைய முண்டுகளை அவரிடம் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, சுவர் முழுக்க அலமாரி அடிக்கலாமா? ஆசாரி முன்பணம் கேட்கிறார். பழைய துணியை யாரிடம் கொடுப்பது? மாமியின் பெட்டியில் மலையாளத்தில் எழுதிய பழைய காகிதக் கட்டு ஒன்று ஓரம் அரித்துக் கிடக்கிறது. தூக்கிப் போடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இன்றைக்கே மாமியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து, தரையில் படாத உயரத்தில், காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆசாரிக்கு முன்பணமும் இப்போது வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து நெய்யாற்றின்கரை வரை வீடுகளுக்குப் போய்ப் பொருள்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் பீரோவுக்குள் என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். மேல்தட்டில் கல்யாணப் பட்டு, அது வாங்கிய கடையின் கவரோடு. நடுத்தட்டில் நீங்கள் அன்றாடம் உடுத்துகிற பத்துப் பன்னிரண்டு, ஒன்றை உருவினால் நாலு சரிகிற நிலையில். கீழ்த்தட்டில் மகளின் பிளஸ் டூ யூனிஃபார்ம், கணவருக்கு இப்போது இடுப்பில் ஏறாத பேன்ட்டுகள், யார் வீட்டுப் பால்காய்ச்சுக்கோ போனபோது கிடைத்த பிளவுஸ் பிட்டுகள். உள் லாக்கரில் நகை இருக்காது, நகைக்கடை டப்பா இருக்கும்.

இதில் நீங்கள் ஒருவராகவே முடிவெடுக்கக்கூடியது எவ்வளவு? கால்வாசிகூட இராது. மீதி மகளுடையது, கணவருடையது, மாமியுடையது. அடுக்குகிற வேலை உங்கள் தலையில். கழிக்கிற உரிமை மட்டும் உங்களிடம் இல்லை. அதனால் இடது தட்டில் இருந்ததை வலது தட்டுக்கு மாற்றுகிறீர்கள், அது பத்து நாளில் திரும்பி வருகிறது. மடிப்பு வித்தையால் இது தீராது. அந்த வீடியோக்களில் வருகிற வீடுகளில் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள், பருத்தி டி-ஷர்ட் போடுகிறார்கள், இழுப்பறை வைத்திருக்கிறார்கள். ஆறு கஜம் சேலையையும் இரட்டை முண்டையும் நிறுத்தி வைத்தால் அவை நிற்காது.

ஆகவே துணியை வகைவாரியாகப் பிரிக்காதீர்கள், ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பீரோ போதும். கட்டிலில் பழைய விரிப்பை விரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து ஆளுக்கொரு குவியலாகப் போடுங்கள். அன்றைக்கு எதையும் வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். இது யாருடையது என்ற ஒரே கேள்விதான். ஒருவருக்கும் சொந்தமில்லாத குவியல் ஒன்று தானாக வளரும்: பிளவுஸ் பிட், பரிசாக வந்த பெட்ஷீட், ஜோடி பிரிந்த தலையணை உறை, கல்யாண வீட்டில் கொடுத்த துண்டு, கவருக்குள் கவருக்குள் கவர். பல வீடுகளில் இதுதான் பெரிய குவியல். இதைக் கழிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இங்கே ஆரம்பியுங்கள்.

அடுத்து வீட்டிலுள்ள பீரோக்களை ஆள்வாரியாகப் பங்கிடுங்கள். ஒன்று முழுக்க உங்களுக்கு. ஒன்று பிள்ளைகளுக்கு, ஆளுக்குப் பாதி. மூன்றாவதில் இடுப்பிலிருந்து தோள் வரை உள்ள தட்டுகள் மாமிக்கு, ஏனென்றால் 80 வயதில் குனிந்தும் எக்கியும் எடுக்க முடியாது. அதற்கு மேலும் கீழும் கணவருக்கு. மர அலமாரியில் விரிப்பு, துவர்த்து (துண்டு), தலையணை உறை மட்டும். ஒருவருடைய துணி அவருடைய தட்டை மீறினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மகனிடம் "உனக்க தட்டு நெறஞ்சு போச்சு, எது வேண்டாம்னு நீயே சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். நீங்களே எடுத்துக் கழித்தால் முறைப்பான். அவனே கழித்தால் ஒரு மூட்டை கட்டித் தருவான்.

கணவரின் துணியை வீடியோ காலில் காட்டிக் காட்டி முடிவு கேட்காதீர்கள். வேலை முடிந்து களைத்து வந்த மனிதர் எல்லாவற்றுக்கும் "இருக்கட்டும்" என்றுதான் சொல்வார். லீவில் வந்தால் உடுத்துகிற சட்டை, சாரம் (கைலி), வேட்டி, கோயிலுக்குப் போகிற பேன்ட் இவற்றைத் தட்டில் வையுங்கள். மீதியைத் துவைத்துக் காயவைத்து ஒரு பெட்டியில் போட்டு அவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். வந்த முதல் வாரத்தில் அவரே பிரித்துப் பார்க்கட்டும். என் சட்டை எங்கே என்று கேட்டால் பெட்டியைக் காட்டலாம்.

பரணில் இருக்கிற கல்ஃப் பெட்டிகளுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் இடத்தை அடைப்பதில் முதலிடம் அந்தப் பெரிய ரோஜாப்பூ, புலிப்படக் கம்பளிக்குத்தான். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு, வந்த அன்று வைத்தபடியே இருக்கும். ஏசி அறையில் தூங்குகிற ஊரில் அதற்கு வேலை உண்டு. இங்கே மார்கழியில்கூட ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டால் போதும். ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் காலத்துக்கு ஆகும். மற்றவற்றை இந்த மழையோடு மலைப்பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கோ, மூணாறு, ஊட்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கோ கொடுத்துவிடலாம். கணவர் சுமந்து வந்த பொருள் என்பதால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் எத்தனை இருக்கிறது என்பதே அவருக்கு நினைவிருக்காது. கோடாலித் தைலம், செண்ட், சோப்பு, பால்பொடி டின் எல்லாவற்றிலும் தேதி பாருங்கள். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த செண்ட் நிறம் மாறியிருந்தால் விருந்தாளிக்கும் ஆகாது.

அடுத்தது உங்கள் குவியல். இதில் நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: நாளை காலையில் ஒரு சாவு வீட்டுக்கோ, பள்ளிக்கூட மீட்டிங்குக்கோ, மார்த்தாண்டம் கடைக்கோ போக வேண்டுமென்றால் இதை உடுத்துவீர்களா? பிளவுஸ் சேராத சேலையென்றால் பொங்கலுக்குள் பிளவுஸ் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள். மெலிந்தால் போடலாம் என்று வைத்திருக்கிற சுடிதார் எல்லார் வீட்டிலும் உண்டு. இரண்டு இருக்கட்டும், பத்து வேண்டாம். கல்யாணப் பட்டையும் அம்மா கொடுத்ததையும் இந்தக் கேள்விக்குள் கொண்டுவராதீர்கள். அவை துணிக்கணக்கில் சேராது, மேல்தட்டில் அவற்றுக்கென்று இடம் ஒதுக்கிவிடுங்கள்.

பழைய பட்டு வாங்குகிறோம் என்று பைக்கில் மைக் கட்டி வருகிறவர்களிடம் அவசரப்பட்டுப் போட வேண்டாம். அவர்கள் கேட்பது பட்டை அல்ல, சரிகையை. பழைய அசல் சரிகை என்பது வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றிப் பொன்முலாம் பூசியது. இன்றைய சரிகைகளில் பலவும் செம்புக் கம்பியோ, வெறும் பிளாஸ்டிக் இழையோதான். உங்கள் மாமியின் காலத்துச் சேலையாக இருந்தால் வெள்ளி இருக்க வாய்ப்பு அதிகம். விற்பதாக இருந்தால் நம்பிக்கையான நகைக்கடையிலோ பட்டுக்கடையிலோ காட்டி விலை தெரிந்துகொண்டு விற்றுவிடுங்கள்.

நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் துணி குவிகிற ஒரு நாற்காலி உங்கள் வீட்டில் இருக்கும். அதைத் திட்டாதீர்கள். ஒருமுறை உடுத்த துணி அழுக்கும் இல்லை, சுத்தமும் இல்லை. நம் ஊர் வேர்வையில் அதைத் திரும்ப பீரோவில் வைத்தால் மற்றதும் நாறும், கழுத்துப் பக்கம் மஞ்சள் ஏறும். அதை வெளியே போடுவதுதான் சரி. போடுவதற்கு இடம் இல்லாததால் நாற்காலியில் போடுகிறார்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஆளுக்கு இரண்டு கொக்கி வீதம் ஒரு பலகை அடித்துவிட்டால் நாற்காலி காலியாகிவிடும். கொக்கி நிறைந்தால் துவைக்கிற நாள் வந்துவிட்டது.

இனி ஈரம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் மதுரைக்காரர்களின் பீரோ ஆலோசனையைக் கேட்கக்கூடாது என்பது என் கட்சி. நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு. நடுவில் துணி முழுசாகக் காய்கிற நாள்கள் கொஞ்சம்தான். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க வேறெதுவும் வேண்டாம். துணியில் ஒட்டியிருக்கிற வேர்வையும் கஞ்சியும் அதற்குச் சாப்பாடு.

நீங்கள் செய்கிற பெரிய தவறு கிறிஸ்துமஸுக்குக் கழிப்பது. டிசம்பரில் மழை முழுசாக விட்டிருக்காது. சுண்ணாம்போ பெயின்டோ அடித்த சுவர் பல நாள் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அறையில், காயாத துணியை, விருந்து வருவதற்குள் என்று அவசரமாகத் திணித்துப் பூட்டுகிறீர்கள். அடுத்து திறக்கும்போது நாற்றம் வராமல் என்ன செய்யும்? வெள்ளையடிப்பு நடக்கட்டும். பீரோவைக் காலி செய்து காயப்போடுகிற வேலையை தை பாதியிலிருந்து மாசி முடிவுக்குள் வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு வெயிலில் போட்ட முண்டு மூன்று மணிக்கு மொறுமொறுவென்று இருக்கும் காலம் அதுதான். மாலைப் பனி இறங்குவதற்கு முன் எடுத்து, சூடு ஆறிய பிறகு மடியுங்கள். பருத்திக்கு நேர் வெயில் நல்லது. பட்டை நிழலில் உதறி விரித்தால் போதும். வெயிலில் சாயம் வெளுக்கும்.

பீரோவைச் சுவரை ஒட்டி வைத்திருந்தால், குறிப்பாக வெளிச்சுவரை ஒட்டி, நாலு விரல் தள்ளி வையுங்கள். வெட்டுகல் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். உள்ளே நான்கில் ஒரு பங்கு இடத்தையாவது வெறுமையாக விடுங்கள், காற்றுப் போய்வர. மழை விட்டு வெயில் வந்த நாளில் கதவுகளை ஒரு மணி நேரம் திறந்து போடுங்கள்.

புள்ளி விழுந்த பட்டை வீட்டுக்குள் உதறாதீர்கள். அந்த வெள்ளைத் தூள் உயிருள்ள பூஞ்சை, அடுத்த துணிக்குப் போய் உட்காரும். மாமிக்கு இருமல் தொந்தரவு இருந்தால் அதுவும் கூடும். முற்றத்துக்குக் கொண்டுபோய் மெல்லிய பிரஷால் தட்டி, நிழலில் காற்றாட விட்டு, டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். எந்த இடத்தில் புள்ளி என்று கடைக்காரரிடம் காட்டிக் கொடுங்கள். பீரோவின் உட்புறத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, முழுக்கக் காயவிட்ட பிறகே திரும்ப அடுக்குங்கள். பட்டைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். கஞ்சியில்லாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், இல்லையென்றால் மடிப்புக் கோட்டிலேயே இழை விட்டுப்போகும்.

கஞ்சி போட்ட முண்டை எடுத்து வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். வெள்ளியாக மினுங்கி ஓடுகிற அந்தச் சின்னப் பூச்சிக்கு மாவுச்சத்துதான் பிடித்த தீனி. கஞ்சியைத் தின்னும்போது துணியையும் சேர்த்து அரிக்கும். நாள்பட வைக்கிறதைக் கஞ்சியில்லாமல் அலசி வையுங்கள். உடுத்துகிற வாரத்தில் கஞ்சி முக்கினால் போதும்.

பாச்சா உருண்டை போடுகிறீர்கள் என்றால் துணியில் முடிந்து மேல்தட்டில் வையுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கும். சரிகையில் பட வேண்டாம். கற்பூரத்தையும் அதையும் சேர்த்து வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நம் ஊர்ச் சூட்டிலேயே எண்ணெய்போல இளகித் துணியில் கறையாகும். கைக்குழந்தை வந்து போகிற வீட்டில் குழந்தைத் துணிப் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டே ரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும். எனக்குப் பிடித்தது வசம்பும் கிராம்பும்தான். ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் வாங்கலாம். நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ மாறினால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். டப்பாவில் தண்ணீர் சேர்கிற வகை வேண்டாம். தட்டுத்தடுமாறிக் கவிழ்ந்தால் ஒரு தட்டுத் துணி போச்சு.

ரப்பர் இருக்கிற வீடு என்றால் இன்னொன்று. மழைநாளில் ஷீட்டும் துணியும் ஒரே கொடியில் தொங்கினால் ஆசிட் வாடை துணியைவிட்டுப் போகாது. கொடியைப் பிரியுங்கள்.

மாமியின் விஷயத்துக்கு வருகிறேன். பழைய முண்டுகளைக் கொடுத்ததற்கு இரண்டு மாதம் பேசாமல் இருந்தார் என்றால், அது வெறும் துணிக்காக இராது. நம் பக்கத்து வயசான அம்மாக்கள் பலர் ஒரு வெள்ளை முண்டும், மேலே போடுகிற நேரியலும் தனியாக மடித்து, சில சமயம் கால்சோடியும் கையுறையும் ஒரு ஜெபமாலையும் கூட வைத்து, பெட்டியின் அடியில் போட்டிருப்பார்கள். தங்கள் அடக்கத்துக்கு. மருமகளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், எப்படிச் சொல்வது? அருமனைப் பக்கம் ஒரு வீட்டில் பெட்டியைத் திறந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா ஒரு மடிப்பை மட்டும் என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் கரையைப் பெருவிரலால் நெருடிப் பார்த்து, இது வேலைக்காரிக்கு, இது கரித்துணிக்கு என்று அவரே சொன்னார். மருமகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கழித்தார். மடியில் இருந்ததைப் பற்றிக் கேட்டபோது, "அது எனக்குப் போவதுக்கு உள்ளது" என்றார், சாதாரணமாக.

நீங்கள் கொடுத்ததில் அப்படி ஒன்று இருந்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். மகனோ மகளோ இல்லாத நேரத்தில், நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். இருந்தது என்றால் அவரையே கூட்டிக்கொண்டு போய் அவர் தொட்டுப் பார்த்து எடுக்கட்டும். பலராமபுரம் கைத்தறிதான் வேண்டும் என்பார் என்று நினைக்கிறேன். தள்ளி எங்கோ உள்ள ஊர்த் துணி என்று நினைக்காதீர்கள். திருவிதாங்கூரை பலராமவர்மா ஆண்ட காலத்தில், 1798க்கும் 1810க்கும் இடையில், அங்கே குடியேற்றப்பட்ட நெசவாளர்கள் தமிழ் பேசும் சாலியர்கள்தான்.

இனிமேல் அவருடைய பெட்டியை அவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். தாக்கோல் (சாவி) அவரிடமே இருக்கட்டும். "இது வேணுமா மாமி?" என்று கேட்டால் வேணும் என்பதுதான் பதில். "இது எப்போ உடுத்தது?" என்று கேளுங்கள். கதை வரும், கதை முடிந்ததும் பெரும்பாலும் துணி போகும்.

அவரோடு பேச்சைத் தொடங்க உங்களிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதுதான் அந்தக் காகிதக் கட்டு. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அப்போது உங்கள் மாமிக்குப் பத்துப் பதினொரு வயது. பள்ளியில் அவர் முதலில் கற்ற எழுத்து மலையாளமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்களுக்கும் மகளுக்கும் பேச வரும், சினிமா புரியும்; கையெழுத்தில் உள்ள பழைய மலையாளம் படிக்க வருமா? வீட்டில் அதைப் படிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்றால், அவரை விட்டால் நாளை காசு கொடுத்து ஆள் தேட வேண்டும்.

பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவர் படிக்கட்டும், நீங்களோ மகனோ தமிழில் எழுதுங்கள்: என்ன பத்திரம், விலையா, ஒற்றியா, பாகமா, யார் யாருக்கு எழுதியது, சர்வே எண், எத்தனை சென்ட், எந்த சார்பதிவாளர் அலுவலகம், பதிவு எண், ஆண்டு. ஆண்டு 1120 என்பதுபோல நாலு இலக்கத்தில் இருந்து குழம்பினால், அது கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு வரும். ஆவணியில் தொடங்குவதால் முதல் நாலைந்து மாதங்களுக்கு 824. அந்தக் கணக்கில் 1120 என்பது 1944–45. இந்த எண்ணும் ஆண்டும் கையில் இருந்தால், காகிதம் பொடிந்து போனாலும் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்ய வழி இருக்கும். எண் தெரியாமல் தூக்கிப் போட்டால், நிலத்தைப் பாகம் வைக்கும்போதோ மகளின் படிப்புக்கு வங்கிக் கடன் கேட்கும்போதோ மூலப்பத்திரம் எங்கே என்பார்கள்.

ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்து, கணவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்க முடியாது. துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள். தனித்தனிக் காகித உறையில் போட்டு, கைப்பிடி உள்ள இரும்புப் பெட்டியில், பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். ஓட்டுக்கூரைக்கு அடியில் பரணில் வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை கூரை போனது என்று உங்களுக்கே தெரியும். ஓட வேண்டி வந்தால் ஒரு கையில் எடுக்க முடிகிற பெட்டியாக இருக்க வேண்டும். அதே பெட்டியில் கணவரின் பழைய பாஸ்போர்ட்டுகளும் இருக்கட்டும். பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கரில் கிடைத்தாலும் அசலைக் கழிக்க வேண்டாம். பழைய கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, வாரன்டி முடிந்த மிக்சியின் அட்டை எல்லாம் தாராளமாகப் போகலாம்.

பழைய துணி யாருக்கு? துவைத்து, பட்டன் தைத்து, நீங்கள் உங்கள் தங்கைக்குக் கொடுக்கக் கூசாத நிலையில் உள்ளதை மட்டும் மனிதருக்குக் கொடுங்கள். நைந்து மெத்தென்று ஆன பருத்தி முண்டுக்கும் சாரத்துக்கும் பெரிய மதிப்பு இருக்கிறது: படுக்கையில் கிடக்கிற நோயாளி உள்ள வீட்டில் அதற்கு இணையான விரிப்பு கடையில் கிடையாது. உங்கள் ஊர்ப் பக்கம் வீடு வீடாக வருகிற பாலியேட்டிவ் கேர் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், தேவைப்படுகிற வீட்டை அவர்கள் காட்டுவார்கள். கிழிந்த பருத்தி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், மார்த்தாண்டத்தில் துடைக்கிற துணிக்கு எப்போதும் ஆள் உண்டு. மகள் இருக்கும் திருவனந்தபுரத்தில் ஹரித கர்ம சேனைக்காரர்கள் (உள்ளாட்சிக்காகக் குப்பை சேகரிக்கும் குழுவினர்) வீட்டுக்கு வந்து தரம்பிரித்த கழிவை வாங்குகிறார்கள். அவள் ஹாஸ்டலில் சேர்வதை அங்கேயே கழிக்கட்டும், பையில் சுமந்து இங்கே கொண்டுவர வேண்டாம்.

பாலியெஸ்டரும் நைலானும்தான் தலைவலி. அவற்றைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நல்லதில்லை. ஆற்றங்கரையில் மூட்டை கட்டிப் போடாதீர்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் குப்பை வருகிறது என்று களியக்காவிளையில் நின்று கோபப்படுகிறோம், சரிதான். குழித்துறை ஆற்றில் மிதக்கிற நைட்டி மட்டும் எங்கிருந்து வந்ததாம்? உள்ளாட்சி வண்டியில் உலர் குப்பையாகப் போடுங்கள். இனி வாங்கும்போது குறைத்து வாங்குவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆசாரி. சுவர் முழுக்க பிளைவுட் அலமாரி அடித்தால் ஈரச்சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்றே இருக்காது. இரண்டு மழையில் பின்பலகை உப்பும், பூஞ்சை உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும். மரத்தூள் அழுத்திச் செய்த பலகை இன்னும் மோசம். மாசியில் பீரோக்களைக் காலி செய்து அடுக்கிய பிறகும் இடம் போதாவிட்டால் பங்குனியில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். கொக்கிப் பலகை ஒன்று, பீரோக்களுக்கு அடியில் கொடுக்க பன்னிரண்டு மரக்கட்டை, மாமியின் பெட்டி தரையில் படாமல் இருக்க ஒரு அடி உயரத்தில் ஒரு பலகைக்கால். இவ்வளவையும் பலாமரத்தில் அடித்துத் தரச் சொல்லுங்கள். அதற்கென்றால் முன்பணம் கொடுக்கலாம்.